மார்கழியில் மலையேறும் பழைய வேனுக்கு எந்த ஹீட்டர்?

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மார்கழி விடியற்காலை என்றால் 20 டிகிரி பக்கம். ஒரு போர்வை போதும். அதே வேன் திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி 2,100 மீட்டர் உயரத்தில் ராத்தங்கினால் விஷயம் வேறு. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தை மாதம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்களும் உண்டு. பழைய மெட்டாடர், பழைய டெம்போ டிராவலர் போன்ற வண்டிகளைப் படுக்கை வேனாக மாற்றியவர்கள் ஹீட்டர் தேட ஆரம்பிப்பது அங்கேதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். டெல்டாவில் இருக்கும் வண்டியில் ஹீட்டர் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து ராத்திரிதான் எரியும். மிச்ச நாளெல்லாம் ஐப்பசி ஈரத்திலும், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றிலும், அறுவடைக் காலத்து நெல் தூசியிலும் சும்மா கிடக்கும். குளிர்தேசத்துக்காரர்கள் சொல்லும் யோசனையில் இந்தச் சும்மா கிடக்கும் காலம் கணக்கிலேயே இருக்காது. மலையில் எது நன்றாக எரியும் என்பதோடு, ஊரில் எது கெடாமல் கிடக்கும் என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எவ்வளவு சூடு தேவை?

5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். கூரை, தரை, சுவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 42 சதுர மீட்டர். வெளியே 5 டிகிரி, உள்ளே 17 டிகிரி வேண்டுமென்றால் வெறும் தகரத்துக்கு 2,800 வாட் போல வேண்டும். அதே தகரத்தில் 19 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டினால், கண்ணாடியும் கதவிடுக்கும் காற்றோட்டமும் சேர்த்தே 1,200 வாட்டில் முடிந்துவிடும். எந்த ஹீட்டரை வாங்கினாலும் பாதிக்கு மேல் மிச்சம் பிடிப்பது இந்த ஷீட்தான்.

ஏ.சி. டக்ட் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் அதே கறுப்பு ஷீட். தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். அடைமழைக் காலத்தில் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் தகரம் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். தெர்மோகோல் வளைவுகளில் படியாது, வண்டி ஓடும்போது கிறீச்சிடும், அதன் பின்னால் தண்ணீரும் கோக்கும்.

என்ஜின் தண்ணீரில் ஓடும் ஹீட்டர்

இருப்பதில் எளியது இது. என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் எப்படியும் சூடாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு கிளையைப் பிரித்துச் சின்ன ரேடியேட்டர் ஒன்றில் விட்டு, பின்னால் ஒரு ஃபேன் வைத்தால் போதும். சிலிண்டர் ஹெட்டிலிருந்து சூடான தண்ணீரை எடுத்து, வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் திருப்பி விட வேண்டும். பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் ஓஸ். எடுக்கும் பக்கத்தில் ஒரு வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் சித்திரை வெயிலிலும் வண்டிக்குள் சூட்டை ஊற்றும்.

மாட்டிய பிறகு சூடே வரவில்லை என்ற புகார்தான் அதிகம். காரணம் பல நேரம் ஹீட்டரில் இருக்காது. என்றைக்கோ ஒரு மே மாதம், "வண்டி ஹீட் ஆகுதுண்ணே, தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டுட்டேன்" என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். நம் பக்கம் இது சர்வசாதாரணம். என்ஜின் தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாத என்ஜின் கீழே சமாளித்துவிடும். மலைக் குளிரில் தண்ணீர் 50, 60 டிகிரியைத் தாண்டாது. அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஹீட்டர் என்ன செய்யும்? ஹவுசிங்கைத் திறந்து பார்த்து, இல்லாவிட்டால் புதிது போடுங்கள். ரேடியேட்டர் அடைப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெர்மோஸ்டாட்டை மட்டும் போட்டால் மறுபடி ஹீட் ஆகும், அதனால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். அடுத்த காரணம் காற்றடைப்பு. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, ஹீட்டர் வால்வையும் திறந்துவைத்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட வேண்டும். வருடக்கணக்காக வெறும் போர்த் தண்ணீர் ஊற்றிய என்ஜின் என்றால், துருவையும் உப்புப் படிவையும் கழுவி எடுக்காமல் புது ஹீட்டரை இணைக்கக் கூடாது. அதன் மெல்லிய குழாய்கள் முதல் பயணத்திலேயே அடைத்துக்கொள்ளும்.

ஊரில் சும்மா கிடப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கூலன்ட் சரியாக இருந்தால் பத்து மாதம் கழித்தும் ஃபேன் சுவிட்சைத் தட்டினால் வேலை செய்யும். முன்கண்ணாடியில் படியும் பனியை விரட்டவும் இதுவே நல்லது. குறை ஒன்றுதான், அதுவும் பெரிய குறை: என்ஜின் நின்றால் சூடும் நின்றது. ராத்திரி முழுக்க என்ஜினை ஓடவிட்டுத் தூங்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். டீசல் என்ஜின் ஐடிலில் தண்ணீரைச் சூடாக்கவே திணறும். நிற்கும் வண்டியின் புகை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தால் தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

கேஸ்

5 கிலோ சிலிண்டர் சுலபமாகக் கிடைப்பதால் பலருக்கும் மனம் இங்கே போகிறது. புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை வேனுக்குள் வைக்கவே கூடாது. அறையில் இருக்கும் ஆக்சிஜனைத்தான் அது எரிக்கிறது. ஆக்சிஜன் குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. இன்னொரு கெடுதலும் உண்டு: 1 கிலோ கேஸ் எரிந்தால் 1.6 கிலோ போலத் தண்ணீர் ஆவியாக வெளிவரும். ஒரு ராத்திரிக்கு 800 கிராம் எரித்தால் கிட்டத்தட்ட 1.3 லிட்டர் தண்ணீரைப் படுக்கையிலும் தகரத்திலும் தெளித்த மாதிரி. துருவோடு மல்லுக்கட்டும் பழைய வண்டிக்கு இதைவிடக் கேடு இல்லை.

எரியும் காற்றை வெளியிலிருந்தே இழுத்து வெளியிலேயே விடும் மூடிய வகை கேஸ் ஹீட்டர்கள் நல்லவை, சத்தமே இருக்காது. ஆனால் அவற்றை வரவழைத்துத்தான் வாங்க வேண்டும், பழுது பார்க்க ஆள் கிடைப்பதும் சிரமம். சிலிண்டருக்குத் தனி அறை, அதன் அடியில் வெளியே போகும் துளை இரண்டும் வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். கரி அடுப்பைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மலையூர்களில் மூடிய அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள்.

மின்சாரம்

100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் கெடாமல் எடுக்க முடிந்தது பாதி, அதாவது 600 வாட்-அவர். 1,200 வாட் சூட்டுக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. 12 வோல்ட் ஹீட்டர் என்று விற்கும் 150 வாட் டப்பாக்களால் கால் விரல்கூடச் சூடாகாது. ஆனால் 12 வோல்ட் மின்போர்வை வேறு கதை: 50 வாட் வகை 8 மணி நேரத்துக்கு 33 ஆம்பியர்-அவர்தான் எடுக்கும், அறையை விட்டுவிட்டு ஆளை நேராகச் சூடாக்கும். ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை உயரத்தோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு நல்ல ஷீட்டும் இந்தப் போர்வையும் போதும், ஹீட்டரே வேண்டாம். தங்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் கிடைத்தால் எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டர் வைக்கலாம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டினால் சுருளுக்குள் ஒயர் உருகிவிடும்.

டீசல் ஏர் ஹீட்டர்

ஊட்டி, கொடைக்கானலில் நிற்கும் வண்டியில் தூங்க வேண்டுமென்றால் விடை இதுதான். எரியும் காற்று ஒரு வழி, அறைக்காற்று ஒரு வழி. இரண்டும் கலப்பதில்லை, அதனால் உள்ளே வருவது உலர்ந்த சூடு. 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 0.1 முதல் 0.28 லிட்டர் வரை குடிக்கும். ஒரு ராத்திரிக்கு 1 முதல் 1.5 லிட்டர். பற்றவைக்கும் இரண்டு மூன்று நிமிடம் 10 ஆம்பியர் இழுக்கும், பிறகு 2 ஆம்பியர் பக்கம். 8 மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-அவர் என்று கணக்கு வையுங்கள். செல்ஃப் அடிக்கும் பேட்டரியிலிருந்து இதை எடுக்காமல் தனி பேட்டரி போடுவது நல்லது. குளிர்ந்த பழைய டீசல் என்ஜினைக் காலையில் கிளப்பப் பேட்டரி முழுசாக இருக்க வேண்டும்.

2-ஆ, 5-ஆ? காசு வித்தியாசம் அதிகமில்லை என்று 5 கிலோவாட் வாங்குகிறார்கள். 8 என்று ஒட்டி வரும் பல மலிவு ஹீட்டர்களுக்குள் இருப்பதும் அதே 5 தான். ஷீட் ஒட்டிய வேனுக்கு 1,200 வாட் போதும் என்று பார்த்தோம். 5 கிலோவாட் ஹீட்டர் அந்த வேனில் ராத்திரி முழுக்கக் கடைசி அளவில் முனகிக்கொண்டே இருக்கும். அடுப்பறை முழுசாகச் சூடாகாது, டீசல் அரைகுறையாக எரியும், கரி படியும். டீசலைப் பற்றவைக்கச் சிவந்து சூடாகும் ஹீட்டர் பிளக்கைச் சுற்றியிருக்கும் கம்பி வலையை வெளியே எடுத்துப் பாருங்கள்: புதிதாக இருந்தபோது வெளிச்சம் தெரிந்த கண்கள் கறுப்புத் தார் பூசிய மாதிரி அடைந்திருக்கும். அது அடைந்தால் டீசல் ஆவியாகாது, வெள்ளைப் புகைதான் வரும், பற்றாது. 2 வாங்குங்கள். அதையும் அணைப்பதற்கு முன் 15 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு அணையுங்கள்.

உயரமும் கரியைக் கூட்டும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பம்ப் கீழே கொடுத்த அதே டீசலை மேலேயும் கொடுக்கிறது, காற்றோ கால் பங்கு குறைவு. மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ மாட்டி, புகையே இல்லாமல் அழகாக எரிந்த ஹீட்டர் மேலே போய்க் கறுப்பாகக் கக்குவது இதனால்தான். உயரத்துக்குத் தக்கபடி தானே சரிசெய்துகொள்ளும் கன்ட்ரோலர் உள்ளதை வாங்குங்கள். இல்லையென்றால் பம்ப் துடிப்பைக் குறைக்கவும் ஃபேன் சுற்றை ஏற்றவும் மெனுவில் வழி இருக்கிறதா என்று வாங்கும்முன் பார்க்க வேண்டும்.

மாட்டும்போது தவறுவது பெரும்பாலும் டீசல் வழியில். மெயின் டேங்கிலிருந்தே எடுங்கள். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் டேங்கில் மிச்சமாகும் டீசல் அடுத்த மார்கழிவரை டெல்டா ஈரத்தில் கிடந்து தண்ணீர் கோத்துவிடும். மெயின் டேங்கில் டீசல் ஓடிக்கொண்டே இருக்கும். டேங்கில் டீசல் அளவு காட்டும் ஃப்ளோட்டின் தட்டைக் கழற்றி அதில் குழாயைப் பொருத்தலாம், வண்டியில் இருக்கும் டேங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது. குழாயின் முனை அடியிலிருந்து 4, 5 சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும்: பழைய டேங்கின் துருவும் தண்ணீரும் வராது, ஹீட்டர் டேங்கைக் காலி செய்து வண்டியை நடுவழியில் நிறுத்தவும் செய்யாது. பம்புக்கு முன் ஃபில்டர். பம்பை டேங்குக்குப் பக்கத்தில், டீசல் வெளியேறும் முனை மேலே பார்க்க 15 முதல் 35 டிகிரி சாய்வில், ரப்பர் வைத்து மாட்ட வேண்டும். படுக்கையாக மாட்டினால் காற்றுக்குமிழி உள்ளேயே தங்கும், எரியும்போதே அணையும். 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கெட்டி நைலான் குழாயைத்தான் நீளத்துக்குப் போட வேண்டும். ரப்பர் குழாய் இணைப்புக்கு மட்டும், அதற்குள் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும்.

ஹீட்டர் புகையை விடும் சைலன்சர் குழாயின் முனை வண்டிக்கு வெளியே வர வேண்டும். அடியிலேயே விட்டால் புகை தரை ஓட்டை வழியாக மேலே ஏறும். காற்றிழுக்கும் குழாய் அதிலிருந்து தள்ளி, முன்பக்கம் பார்க்காமல் இருக்கட்டும். குழாய் தாழும் இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை. தரை பிளைவுட் என்றால் ஹீட்டர் உட்காரும் இடத்தில் அதை வெட்டி இரும்புத் தகடு வைத்து, கேஸ்கெட் போட்டு இறுக்குங்கள். 12 வோல்ட் ஒயர் 4 சதுர மில்லிமீட்டர், பேட்டரியிலிருந்து நேராக, 20 ஆம்பியர் பியூஸோடு. மெல்லிய ஒயரில் வோல்ட் இறங்கிப் பிளக் சிவக்காது. எரியும்போது மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது. சில நிமிடம் ஃபேன் தானே ஓடி உடம்பைக் குளிரவைக்க விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகும்.

இனி டெல்டா மாதங்கள். வெளியே நீட்டியிருக்கும் இரண்டு குழாயும் குளவிக்கு அளவெடுத்துச் செய்த வீடு. ஈர மண்ணை உருட்டிக்கொண்டு வந்து உள்ளே பூசி அடைத்துவிடும். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி. வலை கட்டலாமென்றால் புகைக்குழாயில் கரி அடையும். ரப்பர் கார்க் சொருகி, அதில் ஒரு முழம் சிவப்பு நாடா கட்டி, நாடாவை ஹீட்டர் பியூஸோடு சேர்த்துவிடுங்கள்: பியூஸைக் கழற்றி கார்க்கோடு தொங்கவிட்டால் கார்க்கை எடுக்காமல் ஹீட்டர் போட முடியாது. மாதம் ஒருமுறை 20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதை வாரம் ஒருமுறையாக்கி, ஜன்னலை ஒரு விரல் திறந்துவைத்தால் மெத்தையிலும் பலகையிலும் ஏறிய ஈரம் வெளியே போகும். பூஞ்சை வாடை அடிக்காது. ஊரில் இருக்கும்போதும் ஹீட்டர் சம்பாதிக்கும் வேலை இது, மற்ற எதற்கும் இந்தப் பலன் இல்லை.

எங்கள் தேர்வு: ஓட்டும்போது என்ஜின் தண்ணீர் ஹீட்டர், தூங்கும்போது 2 கிலோவாட் டீசல். ஒன்றுதான் முடியும் என்றால் டீசல். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படியான வேலைக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும் என்பதால் பாடியை வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஹீட்டரானாலும் படுக்கையில் தலை இருக்கும் மட்டத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே ஹீட்டரை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பாருங்கள். மலைக்குப் போகும்போது கருவிப் பையில் ஒரு ஹீட்டர் பிளக், ஒரு கம்பி வலை, அவற்றைக் கழற்றும் ஸ்பேனர், ஒரு கேஸ்கெட்.