மதுர பக்கம் சத்தமில்லாம டென்ட் போட எடம் இருக்கா? நாலு வருஷ அனுபவம்

டென்ட் வாங்கி வர்ற தையோட நாலு வருஷம் முடியுது. கணக்குப் பாத்தா ஒரு முப்பத்தஞ்சு ராத்திரி வெளிய படுத்துருப்போம், பாதி டென்ட்டுல பாதி கார்ல. அதுல நெசமாவே அமைதியா தூங்குனது எத்தனைன்னு கேட்டா பத்து தேறும், அவ்ளோதான். மிச்சமெல்லாம் ஒன்னு ஸ்பீக்கரு, இல்ல கொசு, இல்ல மழ, இல்ல பக்கத்து டென்ட்டு மாப்ளைங்க நடுராத்திரி கேக் வெட்டுறாய்ங்க. அந்தப் பத்து ராத்திரி எப்படி அமஞ்சதுன்னு நண்பர்கள் நெறைய பேரு கேக்குறதால எழுதுறேன். நாங்க மூணு பேரு, நான், வீட்டம்மா, ஒம்போது வயசு பொண்ணு. மதுரைல ஐயர் பங்களா பக்கம் வீடு.

மொதல்ல டென்ட் கதைய முடிச்சிர்றேன். நாலு பேருக்கானதுன்னு சொல்லி வித்தாய்ங்க, 4,800 ரூவா. நாலு பேருன்னா நாலு பேரும் சவப்பெட்டில படுத்த மாதிரி படுக்கணும், மூணு பேருக்கே பை வைக்க எடம் இல்ல. அதனால வாங்குறவங்க எப்பவும் ரெண்டு தல கூட்டி வாங்குங்க. கொண்டாந்த அன்னைக்கே மொட்ட மாடில போட்டு ஓஸ்ல தண்ணி அடிச்சுப் பாத்தேன், அது நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம். துணி தாங்குச்சு, தையல் ஓரத்துல சொட்டுச்சு. அட்டைல 2000 மிமீ வாட்டர்ப்ரூஃப்னு, அதாவது அவ்ளோ ஒசரத் தண்ணி அழுத்தத்த தாங்கும்னு போட்டிருக்கறது துணிக்கு மட்டும்தான், ஊசி போன ஓட்டைக்கு இல்லன்னு அப்பறம்தான் புரிஞ்சுச்சு. தையலுக்கு சீலன்ட் ட்யூப் ஒன்னு வாங்கி பிரஷ்ஷால தடவுனேன், ரெண்டு வருஷம் தாங்குச்சு.

டென்ட்ட இழுத்துக் கட்ட மண்ணுல அடிக்கிற பெக் கூட குடுத்தாய்ங்க, எல்லாம் அலுமினியக் குச்சி. நம்ம ஊரு செம்மண்ணு மாசி பங்குனில காஞ்சு கெடக்கும்போது அதுல அடிச்சா ஹேர்பின் மாதிரி வளையுது. லேத் பட்டறைல போய் எட்டு எம்.எம். கம்பி வாங்கி ஒரு அடி நீளத்துல பன்னெண்டு துண்டு வெட்டி, ஒரு முனைய கூராக்கி இன்னொரு முனைய கொக்கி மாதிரி வளைச்சுத் தரச் சொன்னேன், எரநூத்தி சொச்சம் ஆச்சு. வெயிட்டு ஜாஸ்தி, ஆனா கார்லதானே போறோம். இன்னைக்கு வரைக்கும் ஒன்னு வளையல.

இப்ப எடத்துக்கு வரேன்.

எல்லாரும் மாதிரி நாங்களும் மொதல்ல சிறுமலைதான் போனோம். திண்டுக்கல் தாண்டி 18 கொண்ட ஊசி வளைவு ஏறுனா முடிஞ்சுச்சு, மதுரைலருந்து ரெண்டு ரெண்டர மணி நேரம், மலைவாழப்பழம், குளிரு, சரி. மேப்ல 4.7 ஸ்டார் வாங்கியிருந்த ஒரு எடத்துல தலைக்கு ஆயிரம்னு கட்டி சனிக்கெழம சாயங்காலம் போய் எறங்குனா பதினேழு டென்ட்டு வரிசையா, ஒன்னோட கயிறு இன்னொன்னுல சிக்குற மாதிரி. ஏழு மணிக்கு ‘கேம்ப்ஃபயர் மியூசிக்’னு ஆரம்பிச்சாய்ங்க. அது மியூசிக் இல்லங்க, கல்யாண வீட்டு டப்பா ஸ்பீக்கரு. பதினொரு மணிக்கு நான் போய், தம்பி பாப்பா தூங்கணும், கொஞ்சம் கொறைங்கன்னு சொன்னேன். அந்தப் பையன் ரொம்ப மரியாதையாதான் சொன்னான், ‘சார், இந்த சவுண்டுக்காகத்தான் சார் வர்றாய்ங்க.’ நியாயமான பதில்தான. தப்பு என் மேல, ரிவ்யூ ஸ்டார பாத்துட்டு போட்டோவ பாக்காம விட்டது நாந்தான்.

அதுக்கப்பறம் மேப்ல எடம் தேடுனா நான் ஸ்டார பாக்குறதே இல்ல. போட்டோவ புதுசுலருந்து பழசுக்குன்னு போட்டு பாப்பேன். கலர் சீரியல் லைட்டு, கருப்பு ஸ்பீக்கர் பொட்டி, வரிசையா பிளாஸ்டிக் சேரு, இதுல ரெண்டு இருந்தா அடுத்தது. ஒத்த ஸ்டார் குடுத்துட்டு ‘நோ என்ஜாய்மென்ட், ஒன்பது மணிக்கு லைட் அணைச்சிட்டாங்க, சாங் போட விடல’ன்னு எவனாச்சும் திட்டியிருந்தா உடனே போன் பண்ணுவேன். நமக்கு அதுதான்யா ஃபைவ் ஸ்டாரு. போன்லயும் அமைதியா இருக்குமான்னு கேக்காதீங்க, யாரா இருந்தாலும் இருக்கும் சார்னுதான் சொல்லுவாய்ங்க. மொத்தம் எத்தன டென்ட்டு, அன்னைக்கு வேற யாரு புக் பண்ணிருக்கா, கக்கூஸ் எத்தன, இந்த மூணையும் கேட்டா போதும். எண்ணிக்க தெரிஞ்சா சத்தம் தானா தெரிஞ்சிரும்.

ஆனா இது எல்லாத்தையும் விட பெரிய விஷயம் ஒன்னு இருக்கு, அத யாரும் எழுதி நான் பாக்கல. நம்ம பக்கம் அமைதிங்கறது எடத்துல இல்ல, காலண்டர்ல இருக்கு. ரெண்டாவது வருஷம் நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பு, தெரிஞ்சவர் ஒருத்தரோட சொந்தக்காரர் தோப்பு, சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு வீடு கெடையாது, நாங்க மூணு பேருதான். டென்ட்ட போட்டு, அடுப்ப மூட்டி, ஆஹா இதான்டா வாழ்க்கைன்னு உக்காந்தா ஏழர மணிக்கு கீழ் ஊருல கொழாய் ஸ்பீக்கர் தொறந்துச்சு பாருங்க. காளியம்மன் கோயில் பொங்கல். மொதல்ல சாமி பாட்டு, அப்பறம் நன்கொட குடுத்தவங்க பேரு ஒவ்வொன்னா, அப்பறம் நாடகம், விடிய விடிய. வெட்டவெளில அந்தச் சத்தம் தடுக்க ஒன்னுமே இல்லாம நேரா தலமாட்டுக்கு வருது. வள்ளி திருமணம் முழுசையும் டென்ட்டுக்குள்ள படுத்துக்கிட்டே கேட்டோம், பொண்ணு மட்டும் நல்லா தூங்குனா.

அதுலருந்து பங்குனி, சித்திர, வைகாசி, ஆடி இந்த மாசங்கள்ல எங்க போனாலும் மொதக் கேள்வி, அண்ணே ஊருல காப்பு கட்டிருக்கா? மார்கழி இன்னொரு மாதிரி, ராத்திரியெல்லாம் ஒரு சத்தம் இருக்காது, விடியக்கால நாலரைக்கு எல்லா ஊரு கோயில்லயும் ஒரே நேரத்துல பாட்டு போட்ருவாய்ங்க. எதையும் கொற சொல்லல, அவங்க ஊரு அவங்க சாமி, நாமதான் விருந்தாளி. தேதிய மாத்திக்கணும் அவ்ளோதான். எங்க அனுபவத்துல தைப்பூசம் முடிஞ்சதுலருந்து மாசி சிவராத்திரிக்கு முன்னாடி வரைக்கும் உள்ள நாளுங்க தங்கம், மழையும் இல்ல புழுக்கமும் இல்ல. அதுலயும் செவ்வா புதன் போங்க. தைப்பூசத்துக்கு முன்னாடி பழனி பாதயாத்திர போற ரோடு பக்கமும், கார்த்திகைலருந்து தை பொறக்குற வரைக்கும் சபரிமல வண்டி போற கம்பம் ரோடு பக்கமும் தல வைக்காதீங்க.

தோப்புன்னு சொன்னேன்ல, அதான் நாங்க கடைசியா வந்து சேந்த எடம். பேர் போட்ட கேம்ப்சைட்ட விட தெரிஞ்சவங்க தோப்பு நூறு மடங்கு தேவலாம், ஆனா அதுக்கும் நெளிவு சுளிவு இருக்கு. மாந்தோப்புன்னா காய்ப்பு சமயத்துல போகாதீங்க, தோப்பு குத்தகைக்காரர் கைல இருக்கும், காவலுக்கு ஆள் இருக்கும், ராத்திரி லைட்டு தெரிஞ்சா காய் திருட வந்த ஆளுன்னு நெனச்சு வந்துருவாய்ங்க. மரத்துல இலைய சேத்து ஒட்டி பந்து மாதிரி கூடு இருந்தா அது முசுறு எறும்பு, அந்த மரத்தடி வேணாம். தென்னந்தோப்புன்னா இன்னும் ஒன்னு. சோழவந்தான் பக்கம் ஒரு தோப்புல நெழலா இருக்கேன்னு மரத்தடில தார்ப்பாய விரிச்சேன், தோப்புக்கார ஐயா அங்கருந்தே சத்தம் போட்டாரு, ‘தம்பி, மட்ட விழுந்தா மண்ட போயிரும், நாலு மரத்துக்கு நடுவுல போடு!’ அவரு சொல்லி ஒரு மணி நேரம் இருக்காது, நான் விரிச்ச எடத்துக்கு ரெண்டடி தள்ளி காஞ்ச மட்ட ஒன்னு பொத்துன்னு விழுந்துச்சு. அன்னைக்கு மதியம் ஐயா வீட்டுல சாப்பாடு போட்டு, சாப்புட்டதும் சோழவந்தான் வெத்தல மடிச்சுக் குடுத்தாங்க. அந்த வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்ச பெருமையையும் சேத்து மடிச்சாங்க. வாடக கேட்டா வாங்கவே இல்ல. அப்பறம் பொண்ணு கையால எரநூறு ரூவா வச்சிட்டு வந்தோம். இப்பல்லாம் ஐநூறு ரூவாயும் ஒரு கிலோ காப்பித்தூளும்னு நாங்களே ஒரு ரேட்டு வச்சிருக்கோம்.

அமைதியான ராத்திரின்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சது அய்யலூர் பக்கம். வியாழக்கெழம ஆட்டுச்சந்தையால பேர் வாங்குன ஊரு, ஆனா ரோட்ட விட்டு அஞ்சாறு கிலோமீட்டர் உள்ள போயிட்டா ஒன்னுமே இல்ல, புளியமரமும் வேலியும்தான். நண்பரோட மாமனார் பட்டா நெலம். ராத்திரி பத்து மணி இருக்கும், வேலில இருந்து விசில் மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம், விட்டு விட்டு. பாம்போன்னு நான் பயந்துட்டேன், மாமனார் சிரிச்சாரு, ‘தேவாங்கு தம்பி.’ தலைல மாட்டுற லைட்டுக்கு மேல செவப்பு கண்ணாடித்தாள ஒட்டி ஒரு செகண்ட் காட்டுனாரு, வேலிக்குள்ள ரெண்டு கண்ணு கங்கு மாதிரி, பொண்ணு மூச்சே விடல. வெள்ள லைட்ட நேரா அடிச்சா அதுக்குக் கண்ணு கூசும்னு உடனே அணைச்சிட்டாரு. 2022ல கடவூர், அய்யலூர் பக்கத்துக் காட்டுல 11,806 ஹெக்டேர தேவாங்கு சரணாலயமா அறிவிச்சாங்க, இந்தியாவுலயே தேவாங்குக்குன்னு அதான் மொதல். காடுதான் சரணாலயம், ஆனா தேவாங்குக்கு எல்லக்கல்லு தெரியுமா, வேலி வேலியா பட்டா நெலத்துக்கும் வருது. பேப்பர்ல படிச்சது வேற, பத்தடில கண்ணு ரெண்டு தெரியறது வேற.

காட்டுக்குள்ளயே போட்டா என்னன்னு கேக்குற தம்பிங்களுக்கு, வேணாம். ரிசர்வ் காட்டுல அனுமதி இல்லாம நொழைஞ்சாலே குத்தம், 1882 வனச் சட்டத்துலருந்தே. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீல என்ன நடந்துச்சுன்னு தேனிக்காரங்கட்ட கேளுங்க. மலையேறணும்னா 2024 அக்டோபர்ல அரசாங்கம் 40 பாதையோட ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சாங்க, வழிகாட்டியோட அதுல போங்க. மேகமலையும் கேக்குறீங்க, 2021லருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமல புலிகள் காப்பகம், மேல இருக்கறது எஸ்டேட்டு, டென்ட்ட மறந்துருங்க, ரூம் போடுங்க. கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துலருந்து இ-பாஸ் வேற, அதையும் தாண்டி கூட்டந்தான்.

ஆத்துக்குள்ளயும் படுக்காதீங்க. வைக மணல் படுக்க பாக்க ஜம்முன்னு இருக்கும், ஆனா அணை தொறந்தா தண்ணி வரும், நாம தூங்குற நேரம் பாத்தெல்லாம் தொறக்க மாட்டாய்ங்க. காஞ்ச கம்மாயும் அதே கததான், ஐப்பசி கார்த்திகைல.

ஆடிக் காத்துல தேனி பக்கம் போனது ஒரே ஒரு தடவ. ஆண்டிபட்டி தாண்டி காத்தாலைங்கள பாத்ததும் எனக்குப் புத்தி வந்திருக்கணும், வரல. ராத்திரி ரெண்டு மணிக்கு டென்ட் கம்பி ‘படக்’னு முறிஞ்சு துணி எங்க மூஞ்சில ஒட்டிக்கிச்சு. ஃபைபர் கம்பி, முறிஞ்சா சிலாம்பு சிலாம்பா நிக்கும், கைல ஏறுச்சுன்னா எடுக்கவே முடியாது. அன்னைக்கு மிச்ச ராத்திரி கார்ல.

கார்ன்னதும் சொல்றேன், எங்கது எர்டிகா. பின்னாடி ரெண்டு வரிசையையும் மடக்குனா நானும் வீட்டம்மாவும் நீட்டிப் படுக்கலாம், முன் சீட்ட சாச்சா பொண்ணு. முழுசா சமமா வராது, நடுவுல ஒரு பள்ளம், அதுல பழைய தலகாணிய சொருகி மேல இலவம்பஞ்சு மெத்த போட்டுட்டோம். ஃபோம் மெத்த வேணாம், வேர்க்கும். கண்ணாடிக்கு கொசுவல தச்சு கதவுக்கே உற மாதிரி மாட்டி, ரெண்டு பக்கமும் நாலு விரக்கட கண்ணாடிய எறக்கிருவோம். ஏசிய போட்டுட்டு கண்ணாடிய ஏத்திட்டு தூங்குறத மட்டும் யாரும் செய்யாதீங்க, பொக உள்ள வந்தா வாடையே தெரியாம ஆள முடிச்சிரும். கரியடுப்ப டென்ட்டுக்குள்ள வைக்கறதும் அதேதான். ஒருதடவ நான்குவழிச் சாலை ஓரமா ஒதுக்கிப் படுத்தோம், ஒரு மணிக்கு ரோந்து போலீஸ் தட்டி எழுப்பி, ‘பொம்பளப்புள்ளைய வச்சிக்கிட்டு இங்க வேணாம் சார், முன்னாடி பங்க் இருக்கு’ன்னாங்க. நல்ல மனுசங்க. பங்க்ல கக்கூஸ் உண்டு, கேமரா உண்டு, ஆனா ராத்திரி பூரா லாரி ஏர் பிரேக்கு புஸ்ஸு புஸ்ஸுன்னு. பாதுகாப்பு வேணுமா தூக்கம் வேணுமான்னா, அன்னைக்குப் பாதுகாப்பு.

வீட்டம்மா கருத்தையும் சேக்கணும், இல்லன்னா சாப்பாடு கெடையாது. அவ சொல்றது, எடம் எவ்ளோ அமைதியா இருந்தாலும் கக்கூஸ் இல்லன்னா பொம்பளைங்களுக்கு அது அமைதி இல்ல, பொழுது விடியுதான்னு பாத்துக்கிட்டே கெடக்கணும். சரியான பேச்சு. அதனால தோப்புல மோட்டார் ரூம் பக்கத்துல கக்கூஸ் இருக்கான்னு கேட்டுட்டுதான் இப்ப கெளம்புறது.

டென்ட்டோட இப்பத்த நெலம: பரண்ல சுருட்டி வச்ச வெக்கைல உள்பக்க கோட்டிங் பிசுபிசுன்னு ஆயி பழைய மழகோட்டு வாட அடிக்குது, காய வச்சு தளர்வா மடிச்சு பீரோல வச்சிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் வந்திருக்கும். ஜிப்பு போயிருச்சு. வாங்குன கடைல கேட்டா புதுசு வாங்கிக்கங்க சார்ன்னாய்ங்க. மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்துலருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுன டெய்லருங்க இருக்காங்கல்ல, அங்க ஒரு பெரியவர்ட்ட தூக்கிட்டுப் போனேன். அவரு தையல் மெஷின்ல அழகர் திருவிழா உடுப்பு தச்சுக்கிட்டு இருந்தாரு, டென்ட்ட விரிச்சுப் பாத்துட்டு, ‘இது என்ன சார், சாமி பந்தலா?’ன்னாரு. இல்லய்யா, நாங்க உள்ள படுக்கறதுன்னேன். வீடு இல்லயான்னு கேட்டாரு. இருக்குன்னேன். ஒரு நிமிசம் என்னையே பாத்தாரு, ஒன்னும் சொல்லாம பெட்டிப் பைக்குப் போடுற தடி ஜிப்ப எடுத்து அளவு வைக்க ஆரம்பிச்சாரு. நூத்தியம்பது ரூவா, செவ்வாக்கெழம வாங்கிக்கச் சொல்லிருக்காரு.