தங்கி வேலை பார்ப்பதா, தினமும் போய் வருவதா?

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும், சென்னையில் குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண்கள் முன் இரண்டே வழிகள்தான் இருந்தன: அந்த வீட்டிலேயே தங்குவது, இல்லையென்றால் தினமும் போய் வருவது.

போய் வருவதில் முதல் தடை பயணம். கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ இருப்பவருக்கு அடையாறு, மயிலாப்பூர் வேலைக்குப் பஸ்தான் கதி. மாநகரப் பஸ்கள் மறுபடி மக்களுக்காக ஓடியது செப்டம்பர் 1-ல்தான். அப்புறம் அபார்ட்மெண்ட் கேட். பல குடியிருப்புகளில் வெளியாட்களை உள்ளேயே விடவில்லை. வேலை இருந்தும் சம்பளம் நின்றது இப்படித்தான்.

தங்கினால் சம்பளம் நிற்காது, தொற்று பயமும் குறைவு. ஆனால் வேலை எப்போது முடியும் என்பதே கிடையாது. பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பெரிய பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் அவர் தலையில். ராத்திரி குழந்தை அழுதால் எழுவதும் அவர்தான். அதற்குத் தனியாக யார் பணம் கொடுத்தார்கள்? எனக்கு மனசு ஆறாத விஷயம் இன்னொன்று: அவர் பெற்ற பிள்ளை பாட்டியிடம், அம்மாவை வீடியோ காலில் மட்டும் பார்த்துக்கொண்டு.

மறுபடி அப்படிக் கட்டுப்பாடுகள் வந்தால், பஸ் ஓடாத வாரங்களுக்கு மட்டும் தங்கலாம் என்பேன். அதுவும் படுக்கத் தனி இடம், இரவு வேலைக்குக் கூடுதல் பணம், வாரம் ஒரு நாள் ஓய்வு என்று பேசிக்கொண்ட பிறகு. பஸ் ஓடினால் போய் வருவதே மேல். நோய் வந்து வீட்டில் முடங்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை மட்டும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.