கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரா, தனியாக ஏற்றும் மாட்யூலா?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உள்ள எங்கள் சிறு கடையில் வீட்டு முகப்பு வடிவமைப்பு செய்கிறோம். பிளெண்டர் என்ற முப்பரிமாண நிரலில் மாடல் செய்து படமாக எடுத்துக் கொடுப்போம். நான்கு கணினிகள், நான்கிலும் லினக்ஸ். இவற்றில் மூன்றுக்குக் கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிட்டேன். கார்டை இயக்கும் நிரல்தான் டிரைவர். அதைத் தயாரிப்பாளர் தனியாக ஏற்றும் மாட்யூலாகத் தந்த கார்டுகளை விற்றுவிட்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள கார்டுகளை வாங்கினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

இரண்டு வழிகளுக்கும் நோக்கம் ஒன்றுதான். பயனர் நிரலின் கை நேராக வன்பொருளில் படக்கூடாது. ஒரு காலத்தில் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வர் என்ற நிரல் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடி, கார்டைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டர்களில் தானே எழுதியது. அதில் ஒரு பிழை வந்தால் மொத்தக் கணினியும் உறைந்துவிடக்கூடும். 2009இல் வந்த லினக்ஸ் 2.6.29 முதல் திரையை அமைக்கும் பொறுப்பு படிப்படியாகக் கெர்னலுக்குள் வந்தது. இன்று நிரல் தன் கட்டளைகளை பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் எழுதிக் கெர்னலிடம் கொடுக்கிறது. கெர்னல் வரிசைப்படுத்திக் கார்டுக்கு அனுப்புகிறது. இப்போதைய கார்டுகளில் ஒவ்வொரு நிரலுக்கும் தனி முகவரி அட்டவணை இருப்பதால், ஒன்றின் கட்டளை இன்னொன்றின் நினைவகத்தை எட்டாது. லினக்ஸ் 3.17 முதல் ரெண்டர் நோடு என்ற தனி வாசல் இயல்பாகவே திறந்திருக்கிறது. அதன் வழியே வரும் நிரல் படம் வரையலாம், கணக்குப் போடலாம்; திரை அமைப்பில் கைவைக்க முடியாது.

தனி மாட்யூலும் இந்தக் காவலைத் தன் முறையில் செய்கிறது. வேகத்திலும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பழைய கார்டுகள் பிளெண்டர் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தன.

என்னை மாற வைத்தது பராமரிப்புதான். ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள். மறுநாள் உள்ளூர் விடுமுறை என்பதால் அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் அன்றே படங்களை வாங்கிப்போக வந்து உட்கார்ந்திருந்தார். காலையில் கெர்னல் புதுப்பிப்பு இறங்கியிருந்தது. "அண்ணாச்சி, திரையே வரவில்லை" என்று பையன் கூப்பிட்டான். கறுப்புத் திரையின் மூலையில் வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. புதிய கெர்னலுக்கு ஏற்ப மாட்யூலைத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்) முயற்சி பாதியில் தோற்றிருந்தது. பழைய கெர்னலில் தொடங்கிப் படங்களை எடுத்து முடிக்க இருட்டிவிட்டது.

இது தற்செயலாக நடந்ததல்ல. பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் இடைமுகத்தை உடைக்கமாட்டோம் என்பது லினக்ஸின் உறுதியான கொள்கை. கெர்னலின் பகுதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உள் இடைமுகங்களுக்கு அந்த உறுதி கிடையாது. ஒரு உள் செயற்கூற்றை (ஃபங்ஷனை) மாற்றுகிறவர், கெர்னல் மூலத்தில் அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் சேர்த்தே திருத்த வேண்டும். வெளியே இருக்கும் மாட்யூலுக்கு அந்தச் சலுகை இல்லை; தயாரிப்பாளர் திருத்தித் தரும்வரை நாம் காத்திருக்க வேண்டும். கார்டு பழசாகி அவர் ஆதரவை நிறுத்திவிட்டால் அதற்குமேல் காத்திருந்தும் பயனில்லை. 2002இல் வந்த ரேடியான் 9700 கார்டுக்கான டிரைவர் இன்றும் கெர்னலில் இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு பயந்துபோய் ஐந்து மாதம் கெர்னல் புதுப்பிப்பையே நிறுத்தி வைத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். கெர்னலில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கான திருத்தங்கள் எதுவும் எங்கள் கணினிகளுக்கு வந்து சேரவில்லை. நிரல்களுக்கும் கார்டுக்கும் நடுவே காவல் நிற்பதே கெர்னல்தான். அதைப் புதுப்பிக்கப் பயப்பட வைக்கும் டிரைவர், எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும், எனக்குப் பாதுகாப்பானதல்ல.

புதிய கார்டுகள் வந்தபின் ஒருமுறை நானே எழுதிய ஷேடரில் (கார்டில் ஓடும் சிறு நிரலில்) முடிவில்லாத சுழற்சி ஒன்று விழுந்துவிட்டது. பத்து விநாடிபோலத் திரை நின்றது. பிறகு கெர்னல் அந்த வேலையை வெட்டிவிட்டது. பிளெண்டர் மூடிக்கொண்டது, பக்கத்தில் திறந்திருந்த பில் கணக்கு அப்படியே இருந்தது. எப்போதும் இவ்வளவு நல்லபடியாக முடியும் என்று சொல்லமாட்டேன். கார்டை மீட்டமைக்கும்போது மொத்த டெஸ்க்டாப்பும் போவதுண்டு.

உள் டிரைவருக்கும் குறை உண்டு. நேற்று வெளியான கார்டைப் பழைய கெர்னல் அடையாளம் காணாது. டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீடு தருவது 6.1 கெர்னல், அதற்குப் பின் வந்த கார்டு என்றால் புதிய கெர்னலும் கார்டுக்குள் ஏற்றும் ஃபர்ம்வேரும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். அதனால் ஒரு தலைமுறை பழைய கார்டாகப் பார்த்து வாங்கினேன். இரட்டைக் கார்டு மடிக்கணினிகளை நான் வைத்து ஓட்டியதில்லை. அவற்றுக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது கணினியில் பழைய கார்டு இன்னும் இருக்கிறது. அதை மட்டுமே ஏற்கும் நிரல் ஒன்று எங்களுக்குத் தேவைப்படுகிறது. அந்தக் கணினிக்கு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கோப்புகள் பென் டிரைவில்தான் போய்வருகின்றன.