படைப்பெழுத்து முதுகலை படிக்கச் சிங்கப்பூரில் காசு எங்கே? என் மதிப்பீடு

லாசால் கலைக் கல்லூரியில் படைப்பெழுத்து முதுகலை சேரலாமா, செலவுக்கு என்ன வழி என்று தமிழில் எழுதும் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கைப்பேசி வாங்குவதற்கு முன் நாலு பேர் மதிப்பீட்டைப் படிக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி இதையும் எழுதிவிடுகிறேன். என் கணக்கு இதுதான்: இந்த ஊரில் மாணவர் என்பதற்காகப் பணம் தருகிறவர்கள் குறைவு, கையில் ஒரு திட்டம் வைத்திருக்கிறவருக்குத் தருகிறவர்கள் பரவாயில்லை.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் என்றால் உபகாரச் சம்பளம் உண்டு, கட்டணமும் கழிந்து மாதாமாதம் கைக்கும் வரும், பதிலுக்கு வகுப்பு எடுப்பது, தாள் திருத்துவது என்று உழைக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் முதுகலைக்கு இதை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் சொந்தக் காசுதான். 25 வயது நிறைந்த குடிமக்களுக்குப் பயிற்சிச் செலவுக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை ஒரு பட்டறைக்கோ குறும்பயிற்சிக்கோ உதவும், பட்டத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அடுத்தது தேசிய கலைகள் மன்றம். மேற்படிப்புக்குக் கலை உபகாரச் சம்பளம் தருகிறார்கள், போட்டி கடுமை, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். மானியங்கள் தனி. குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருந்தால் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் படிவம் ஒரு நிகழ்ச்சியை மனதில் வைத்துச் செய்தது போலவே இருக்கும்: எத்தனை பேர் வருவார்கள், எந்தச் செலவுக்கு எவ்வளவு, யாருக்கு என்ன பயன். அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாவல் எழுதுகிறவன் அங்கே என்னத்தைப் போடுவான்? அதனால் நாவலை மட்டும் காட்டாமல், கூடவே ஒரு வாசிப்பு நிகழ்வோ பட்டறையோ சேர்த்துத் திட்டமாக்கிக் கேட்பது நல்லது. மன்றத்துக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பணம் உண்மையில் வருகிறது, அறிக்கை எழுதித்தான் கை வலிக்கிறது.

பரிசுகளை வருமானமாக எண்ணக் கூடாது. தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டி 1993 முதல் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சிறுகதைக்கும் கவிதைக்கும் நடக்கிறது, ஆனால் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான், அதுவரை வாடகை காத்திருக்காது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் கதைக்களம் என்ற சிறுகதைக் கூட்டத்தில் கிடைப்பது சின்னத் தொகை, ஆனால் கதையை முகத்துக்கு நேரே விமர்சிக்கிறார்கள். முதுகலை வகுப்பில் ஆங்கிலத்தில்தான் பேச்சு என்பதால், தமிழ்க் கதைக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம்.

சரி, வேலை. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி, அதுதான் நமக்குப் பெரிய பிடிமானம். அறிவிப்பு, துண்டுப் பிரசுரம், தொலைக்காட்சி வசன வரிகள் (சப்டைட்டில்) என்று மொழிபெயர்ப்பு வேலை வந்துகொண்டே இருக்கும். வசன வரி எழுதுவது நல்ல பயிற்சி: நடிகர் மூச்சு விடாமல் கொட்டியதை இரண்டே வரிக்குள் அடக்க வேண்டும், அதுவும் பார்ப்பவர் வாசித்து முடிக்கும் முன் காட்சி மாறிவிடும். அப்படி அளந்து அளந்து எழுதிப் பழகியபின் என் கதைகளின் உரையாடல் பாதியாக இளைத்தது, நல்லதுக்குத்தான். சிங் லிட் ஸ்டேஷன் என்ற இலக்கிய அமைப்பு நடத்தும் ‘புக் எ ரைட்டர்’ திட்டம் எழுத்தாளர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துப் போகிறது, கொஞ்சம் வெளியீடு இருந்தால் அதையும் பாருங்கள். துணைப்பாடம் (டியூஷன்) சொல்லித்தரும் வேலை எப்போதும் உண்டு, மாலையை முழுசாக விழுங்கிவிடும், எழுத்துக்கு மிச்சம் இருக்காது.

வெளிநாட்டு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனிதவள அமைச்சு அங்கீகரித்த கல்விக்கூடத்தில் முழுநேரம் படித்தால் வகுப்பு நடக்கும் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம்தான் வேலை. சேரும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் தனியாகத் தொழில் செய்தால் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டும்போது மெடிசேவ் என்ற கட்டாய மருத்துவச் சேமிப்புக்குக் கட்ட வேண்டும், அதற்கும் ஒதுக்கி வையுங்கள். அப்புறம், ஒரு நிறுவனம் எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் காசு கொடுத்தது, அதுவும் கெஞ்சிய பிறகு. வேலையைத் தொடங்கும் முன் தொகையையும் தேதியையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள், தெரிந்தவர் என்றாலும்.