கஸ்டம் ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அரிசோனா, கலிஃபோர்னியா பக்கம் ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கி கட்டித் தரச் சொல்லி யாரிடமாவது பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதை முழுவதும் படித்துவிட்டுக் கொடுங்கள். ஃபீனிக்ஸ் பகுதியில் உள்ள ஒரு கடையில் 14,000 டாலருக்கு வண்டி கட்டச் சொன்னேன். வந்தது பழைய ஹல் (வண்டியின் உடற்கூடு), பழைய கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு), பழைய பிஸ்டன், மேலே புதுப் பெயின்ட். பணம் போனதுகூட இரண்டாவது விஷயம். எஞ்சினை நிறுத்தும் ஒயரை இணைக்காமலே வண்டியைக் கொடுத்து என்னைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். ஓர் ஆள் செத்திருக்கலாம். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

இந்த வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கடற்கரையில் வாடகைக்குக் கிடைப்பது உட்கார்ந்து ஓட்டும் வகை. இது நின்றுகொண்டே ஓட்டுவது. கைப்பிடி ஒரு நீண்ட தண்டின் நுனியில் இருக்கும், தண்டு மேலும் கீழும் அசையும். கவாசாகி 1970களின் தொடக்கத்தில் இதைத்தான் முதலில் விற்றது. யமஹா சூப்பர்ஜெட் 1990ல் வந்தது. அதன் டூ-ஸ்ட்ரோக் மாடல் 2020 வரை ஓடியது. 2021ல் வந்தது 1049 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக், எடையும் கூடிவிட்டது. அலையில் குதிக்கவும் சுழலவும் ஆசைப்படுகிறவர்கள் அதனால் இன்னும் பழைய 701 சிசி எஞ்சினை ஒரு இலகுவான ஹல்லில் வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். ஊரில் ஆர்எக்ஸ் 100 ஓட்டி வளர்ந்தவன் நான். அந்தச் சத்தமும் ஆயில் புகையின் வாசனையும் எனக்குப் பிடித்துப்போக வேறு காரணம் வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: புது கார்பன் ஹல், புது கிராங்க், சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து (ஓவர்சைஸ் போர்) அதற்கேற்ற புது பிஸ்டன், மொத்த எடை 110 கிலோவுக்குள். அட்வான்ஸ் 9,000 டாலரை ஸெல்லில்தான் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். கார்டு என்றால் கமிஷன் போகுமாம். மீதியை டெலிவரி அன்று கிரெடிட் கார்டில் கொடுத்தேன். அன்று கடைவாசலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டார் கடைக்காரர். சத்தம் அருமையாக இருந்தது. அப்படிச் சும்மா ஓடவிட்டால் எந்த எஞ்சினும் நன்றாகத்தான் கேட்கும். தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பம்ப்பில் தண்ணீரின் எதிர்ப்பு இல்லை, எஞ்சினுக்குச் சுமையே இல்லை. ஹோஸ் பைப்பில் ஓட்டிக் காட்டுவதை டெஸ்ட் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

டெஸ்ட் ரைடுக்கு லேக் ஹவாசு போனோம். கொலராடோ ஆற்றில் பார்க்கர் அணை கட்டியதால் உண்டான நீர்த்தேக்கம் அது. ஜெட் ஸ்கி உலகப் போட்டி பல ஆண்டுகள் அங்கேதான் நடந்தது. கூட ஒரு நண்பர் தன் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். அவர் வந்தது என் நல்ல காலம்.

தண்ணீரில் இறக்கியதுமே வண்டி அளவுக்கு மீறித் தாழ்ந்து மிதந்தது. வேகம் எடுத்துத் திருப்பியபோது பின்பக்கம் இழுத்தது, நான் விழுந்தேன். ஸ்டாண்ட்-அப்பில் விழுவது சகஜம், விழாமல் யாரும் கற்றுக்கொள்வதில்லை. அதற்காகத்தான் மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டியிருக்கும். ஆள் விழுந்தால் கயிறு ஸ்விட்சிலிருந்து உருவிக்கொண்டு வரும், உடனே எஞ்சின் நிற்க வேண்டும். என் கையில் கயிறு இருந்தது. வண்டி நிற்கவில்லை. கைப்பிடித் தண்டு கீழே விழுந்ததும் நீளம் போதாத திராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) கேபிள் இழுபட்டு, ஆள் இல்லாத வண்டி என்னைச் சுற்றி வட்டமடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துப் பார்த்து விலகி நீந்தினேன். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நண்பர் தன் வண்டியை இணையாக ஓட்டிவந்து, சாய்ந்து கைநீட்டி, சோக்கை இழுத்து, எஞ்சினுக்குப் போகும் காற்றை அடைத்து நிறுத்தினார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டி தானாக ஓடும்போது பக்கத்தில் போவது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கும் தெரியும். போனார்.

அதற்கப்புறம் அது ஸ்டார்ட் ஆகவே இல்லை. கயிறு கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தோம்.

ஹவாசுவில் டூ-ஸ்ட்ரோக் வேலையில் பழுத்த மெக்கானிக் ஒருவரிடம் பிரித்துப் பார்க்கக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் கழற்றும்போது என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, போட்டோ எடுக்கச் சொன்னார். கரன்ட் பெட்டியைத் திறந்தால் ஸ்டாப் ஒயர் எதிலும் சேராமல் தனியே கிடந்தது. கயிறு உருவினால் ஸ்விட்ச் அந்த ஒயர் வழியாகத்தான் இக்னிஷனை எர்த் செய்து எஞ்சினை அணைக்கும். இது கடைக்காரருக்குத் தெரியாமல் நடந்ததா என்ற கேள்விக்கு என் கைப்பேசியிலேயே பதில் இருந்தது. டெலிவரி அன்று எடுத்த வீடியோவில், எஞ்சினை நிறுத்த அவர் கை பட்டனுக்குப் போகவில்லை, நேராகச் சோக்குக்குப் போகிறது.

பிஸ்டனின் தலையில் ஓவர்சைஸ் அளவு பொறித்திருக்க வேண்டும், இல்லை. பழைய ஸ்டாண்டர்ட் பிஸ்டன்தான், ஒன்றின் பக்கமெல்லாம் உராய்ந்து சிலிண்டரில் அலுமினியம் ஒட்டியிருந்தது. காரணம் கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் ஆயிலும் கலந்த காற்று கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினின் எல்லா வாய்களையும் அடைத்து 8 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை ஏற்றிவிட்டு, முள் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். அந்த மெக்கானிக் என் கண்முன் செய்தார். முள் நிற்கவே இல்லை, சீல் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஒரு சின்ன பம்ப்பும் மீட்டரும் போதுமான இந்தச் சோதனையைச் செய்யாமல் 14,000 டாலருக்குப் பில் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஹல். கார்பன் என்று சொன்னது மேல்மூடியில் மட்டும் ஒட்டிய ஒரு படலம். உள்ளே தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பழைய ஹல், அதன் மிதவை ஃபோம் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் குடித்து ஊறிப்போயிருந்தது. ஓரிடத்தில் துளையிட்டதும் தண்ணீர் சொட்டியது. தராசில் ஏற்றினால் 160 கிலோவைத் தாண்டியது, தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய டூ-ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட்டைவிட அதிகம். பம்ப் தண்டும் எஞ்சினும் நேர்கோட்டில் இல்லாததால், இடையில் உள்ள ரப்பர் ஒரே ஓட்டத்தில் கடித்துக் குதறப்பட்டிருந்தது.

இதைவிட மோசம் ஹல் எண். அமெரிக்காவில் 1972க்குப் பிந்தைய ஒவ்வொரு படகுக்கும், ஜெட் ஸ்கிக்கும்கூட, எழுத்தும் இலக்கமுமாக 12 இடங்கள் கொண்ட அடையாள எண் உண்டு. பின்பக்கம் வலது மூலையில் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்று, 1984க்குப் பிந்தைய படகுகளில் மறைவான இடத்தில் அதே எண் இன்னொன்று. என் வண்டியில் இரண்டும் வேறு வேறு. அனுமதியில்லாமல் அந்த எண்ணை மாற்றுவது சட்டப்படி குற்றம். வீட்டிலோ சிறு பட்டறையிலோ ஹல் கட்டினால் மாநிலமே அதற்கென்று புது எண் கொடுக்கும், ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கே படகுகளைப் பதிவு செய்வது அரிசோனா கேம் அண்ட் ஃபிஷ் துறை. அவர்களிடம் நானே போய்ச் சொன்னேன்.

கடைக்காரரிடம் போட்டோக்களைக் காட்டியபோது, "ரேஸ் வண்டிக்கு வாரண்டி கிடையாது, தண்ணீரைத் தொட்டதும் எங்கள் பொறுப்பு முடிந்தது" என்றார். பிள்ளைகள் இருந்த இடத்தில் வண்டி தானாக ஓடியதைச் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கார்டில் கொடுத்த 5,000 டாலர் திரும்பி வந்தது. ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். மெக்கானிக்கின் அறிக்கையையும் வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். ஸெல்லில் போன 9,000 வரவில்லை. நாமே அனுமதித்து அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரித்துவிட்டது. இங்கே அரிசோனாவில் ஜஸ்டிஸ் கோர்ட் எனும் கீழ் நீதிமன்றத்தில் 10,000 டாலர் வரைக்கும் வழக்குப் போடலாம், போட்டிருக்கிறேன். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் நுகர்வோர் புகார் கொடுத்தாயிற்று.

கட்டக் கொடுப்பவர்கள் கட்டம் கட்டமாக, கார்டில் மட்டும் பணம் கொடுங்கள். எஞ்சினை மூடும் முன் பிஸ்டனின் தலையைப் பார்க்க வேண்டும், காற்றழுத்தச் சோதனை உங்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சியாகக் காட்டுவார். தராசு இல்லாத இடத்தில் எடையை நம்பாதீர்கள். இரண்டு எண்களையும் ஒப்பிடாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வண்டியைத் தண்ணீரில் இறக்கும் முன் எஞ்சின் ஓடும்போதே கயிற்றை உங்கள் கையால் உருவிப் பாருங்கள். அந்த நொடியே நிற்கவில்லை என்றால் டிரெய்லரிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் யாராவது வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள். அழுத்தச் சோதனைக்கான கருவியை வாங்கி வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன்.