பல் கிளினிக்கில் நீல விளக்குப் பெட்டியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

சின்ன பல் கிளினிக்குகள் சிலவற்றில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். உள்ளே நீலமாக விளக்கு எரியும், கருவிகள் அடுக்கி வைத்திருக்கும். பார்த்ததும் 'சுத்தமான இடம்தான்' என்று தோன்றிவிடும். அது புற ஊதா (யூவி) விளக்குப் பெட்டி. ஏற்கெனவே கிருமி நீக்கிய கருவியைப் பத்திரமாக வைக்கத்தான் அது லாயக்கு. ஒளி படுகிற மேற்பரப்போடு அதன் வேலை முடிந்தது. கருவியின் துளைக்குள் அது எட்டாது. நான் போன இடத்தில் இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான். பெயரைச் சொல்லவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது.

கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் செய்யப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் கண்ணில் பட்டது. முடிந்ததும் உதவியாளர் அந்த ஹேண்ட்பீஸை, அதாவது பல்லைக் குடையும் கருவியை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் மாட்டினார். முனையில் சுழலும் சின்னக் குடைமுள்ளை (பர்) மட்டும் மாற்றினார். அடுத்தது நான். அதே ஹேண்ட்பீஸ்.

ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தமான நீராவியில் கிருமி நீக்கும் பெட்டியில், வைப்பதில்லையா என்று உதவியாளரிடம் கேட்டேன். "எல்லாம் யூவியில வெச்சுதான் சார் எடுக்கிறோம், பயப்படாதீங்க" என்றார். பல்வலியில் துடிக்கிறவனுக்கு அதற்கு மேல் வாதாட ஏது தெம்பு?

ஸ்பிரிட் துடைப்பு ஏன் போதாது என்றால், ஹேண்ட்பீஸ் சுழல்வது நிற்கும் நொடியில் வாயில் இருக்கும் எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். அடுத்த ஆளுக்கு அதை ஓட்டும்போது அது வெளியே வரும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஹேண்ட்பீஸை நீராவி அழுத்தத்தில் வேகவைத்தே ஆக வேண்டும் என்பது விதி. 121 டிகிரியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம். சூடேறுவது, காய்வது எல்லாம் சேர்ந்தால் நேரம் இன்னும் கூடும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஹேண்ட்பீஸ் தொங்குகிறது, ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போகிறார்கள் என்றால், நடுவில் அதை எப்போது வேகவைத்திருப்பார்கள்? யாரையும் கேள்வி கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

கையுறை போட்டிருந்தார் டாக்டர். அதே கையால் மேசை டிராயரைத் திறந்தார், போனை எடுத்துப் பேசினார், மறுபடி என் வாய்க்குள் விட்டார். சரி, அதை விடுங்கள்.

ரப்பர் டேம் போடவில்லை. ரூட் கெனாலின்போது பல்லை மட்டும் வெளியே விட்டு மற்ற வாயை மூடும் மெல்லிய ரப்பர் விரிப்பு அது. எச்சில் பல்லுக்குள் இறங்காமலும், மருந்தோ ஊசிபோன்ற ஃபைலோ தொண்டைக்குள் போகாமலும் காக்கும். அது இல்லாததால் வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட் தொண்டையில் இறங்கியது. துணி வெளுக்கும் பிளீச்சிங் வாடை, ஒரே எரிச்சல். நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம். டாக்டர் கையை நிறுத்தினார், எக்ஸ்ரே எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு" என்று சொல்லி அடைத்துவிட்டார். அப்புறம் கேப்பும் போட்டாயிற்று.

சில மாதம் கழித்து அதே பல்லில் வீக்கம். வேறொரு டாக்டரிடம் எடுத்த எக்ஸ்ரேவில், வேரின் நுனிக்கு அருகே வெள்ளையாக ஒரு சின்னக் கீற்று தெரிந்தது. உடைந்த ஃபைல் துண்டு. ஃபைல் உடைவது கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கக்கூடியதுதான், அதற்காக மட்டும் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்றார் அவர். ஆனால் உடைந்ததை நோயாளியிடம் சொல்லிக் குறித்து வைத்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

பழைய இடத்தில் எக்ஸ்ரே பிரதி கேட்டேன். "அதெல்லாம் வெச்சிருக்கறதில்லையே" என்றார்கள். பில்லிலும் 'பல் சிகிச்சை' என்ற இரண்டே வார்த்தை. ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரேவைக் கையோடு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், என்ன செய்தார்கள் என்று விவரமாக எழுதி வாங்குங்கள்.

ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார் புதிய டாக்டர். தொற்றிய உடனே சோதனையில் தெரியாது என்பதால் இடைவெளி விட்டு இன்னொரு முறையும் பார்த்தோம். இரண்டு முறையும் ஒன்றும் இல்லை.

புதிய இடத்தில் கருவிகள் ஒட்டிய உறைக்குள் வருகின்றன. என் கண் முன்னால்தான் பிரிக்கிறார்கள். உறையில் உள்ள குறி நிறம் மாறியிருந்தால் அது சூட்டுக்குள் போய் வந்தது என்று அர்த்தம். கிருமி உண்மையிலேயே செத்ததா என்பதை அந்தக் குறி சொல்லாது; அதற்கு வாரம் ஒருமுறை ஸ்போர் சோதனை (சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்து, அவை சாகின்றனவா என்று பார்ப்பது) செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். கேட்டதும் அந்த நோட்டை எடுத்துக் காட்டினார்கள், முகம் சுளிக்கவில்லை.

பல் மருத்துவக் கவுன்சிலுக்கு இரண்டாவது எக்ஸ்ரேவோடு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் பழைய கிளினிக்கிலிருந்து போன் வந்தது. புகாரைத் திரும்ப வாங்கினால் இலவசமாகப் பல் சுத்தம் செய்து தருகிறார்களாம்.