நாதஸ்வரக் குழுவை வெளியில் படமெடுக்க கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ போதுமா?

நாலு முதல் ஆறு பேர் கொண்ட குழுவைக் குளக்கரையிலோ தோப்பிலோ நிறுத்திப் படமெடுக்க, பைக்கில் எடுத்துப்போகிற அளவுள்ள இந்த ஒரு பிளாஷ் போதுமா? வெயில் ஏறுமுன் காலையிலும், சாயும் மாலையிலும் தாராளமாகப் போதும். உச்சி வெயிலில் போதாது.

இதன் சக்தி 200 வாட் செகண்ட். பேர் பல்ப் தலையில் (மறைப்பில்லாத வெறும் பல்ப்) ரிப்ளெக்டர் மாட்டினால் கைடு நம்பர் 60. அதை மீட்டர் தூரத்தால் வகுத்தால் லென்ஸ் துவாரத்துக்கான எஃப் எண் கிடைக்கும், அதாவது மூன்று மீட்டரில் எஃப்/20. வெள்ளைக் குடை வழியே ஒளியை விட்டால் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி) போய்விடும், மிஞ்சுவது எஃப்/10. நேர் வெயிலிலோ ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/250 நொடிக்கு எஃப்/11 வைக்க வேண்டும். குடை போட்டால் சூரியனுக்குச் சமமாகக்கூட வராது.

1/8000 நொடி ஷட்டர் வரை பிளாஷைச் சேர்த்து இயக்கும் ஹைஸ்பீடு சிங்க் இருக்கிறதே என்று அதை நம்பி இறங்காதீர்கள். அந்த முறையில் பிளாஷ் துடித்துத் துடித்து எரிவதால் சக்தி மேலும் குறையும். பின்னணி மங்கலாக எஃப்/4 வேண்டுமென்றால், 1/250லேயே இருந்துகொண்டு லென்ஸில் மூன்று ஸ்டாப் என்டி பில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுவது மேல். எஃப்/4க்குக் கீழே இறங்கவும் வேண்டாம். முழு பிரேம் கேமராவில் 50 எம்எம் லென்ஸ், நாலு மீட்டர் தூரம் என்றால் எஃப்/4இல் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் தெளிவாக விழும். எஃப்/1.8இல் அது முக்கால் மீட்டரைக்கூட எட்டாது. பின்வரிசைத் தாளக்காரர் மங்கிவிடுவார். 35 எம்எம்மில் கிட்டப் போனாலோ, முன்னால் நீட்டிய நாதஸ்வரத்தின் அணசு (விரிந்த வாய்ப்பகுதி) வாசிப்பவர் முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஒற்றை பிளாஷில் அதிகம் சொதப்புவது ஒளி சமமின்மைதான். பக்கவாட்டில் வைத்து முதல் ஆள் 2.5 மீட்டரிலும் கடைசி ஆள் 5 மீட்டரிலும் நின்றால், இடையே இரண்டு ஸ்டாப் வித்தியாசம். ஸ்டாண்டைக் கேமராவின் பக்கம் இழுத்து, அருகில் நிற்பவருக்கே நாலு மீட்டர் இருக்கும்படி வையுங்கள். குடையின் மையம் கடைசி ஆளைப் பார்க்கட்டும். குறைகிற ஒளிக்கு ஐஎஸ்ஓவை 200 ஆக்கினால் சரியாகிவிடும்.

கேமராவுக்கு இடப்பக்கம் வைப்பது நல்லது. நம்மைப் பார்த்து நிற்கும் தவில்காரரின் வலந்தலையும் (தவிலின் வலப்பக்க முகம்), கூடு (விரலுறை) மாட்டிய விரல்களும் அந்தப் பக்கம்தான் வரும். இப்போதைய தவில்களில் எஃகு வளையமும் போல்ட்டும் இருப்பதால் ஒளி நேரே திரும்பி வெள்ளைப் புள்ளியாக எரியும். தவிலைச் சற்றுத் திருப்பச் சொன்னால் போய்விடும். ஏற்பாடு முடியும்வரை தவில் நிழலிலேயே இருக்கட்டும். வெயில் பட்டால் தோல் இறுகிச் சுருதி ஏறும், வித்வான் முகமும் மாறும்!

நிஜமாகவே வாசிக்கச் சொல்லி எடுங்கள். சும்மா சீவாளியை (நாதஸ்வரத்தில் ஊதும் நாக்கு) வாயில் வைத்தால் கன்னத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். முழுச் சக்தியில் பிளாஷ் ஏறக்குறைய 1/220 நொடி எரிவதால் தவில் குச்சி இழுபடும், மறுபடி தயாராக 1.8 நொடியும் பிடிக்கும். கால் பங்குச் சக்தியில் இரண்டு தொல்லையும் இல்லை. மாலை ஒளியில் பிளாஷில் அரை சிடிஓ ஜெல் (ஒளியை ஆரஞ்சாக்கும் தாள்) ஒட்டாவிட்டால் வேட்டி நீலம் பாரிக்கும்.

கூடவே வாங்க வேண்டியவை: எஸ்2 பிராக்கெட் (பிளாஷையும் குடையையும் ஸ்டாண்டில் பிடிப்பது), 5 கிலோ மணல் பை (ஆற்றங்கரைக் காற்றில் குடை பாய்மரம்தான்), உங்கள் கேமரா பிராண்டுக்கான டிரிகர் (கேமராவிலிருந்து பிளாஷை எரியவைக்கும் கருவி). கேனனுக்கு வாங்கியது சோனியில் வேலை செய்யாது. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்ட் ஊன்ற முன் அனுமதி வேண்டும். பேட்டரி 42 வாட் அவருக்குள் அடங்குவதால் வெளிநாட்டுக் கச்சேரிக்குக் கைப்பையிலேயே விமானத்தில் கொண்டுபோகலாம்.